மனிதன் புகவியலா இடத்தில் மனிதனின் கண்கள்

உருகிச் சிதைந்த அணு உலையைச் சீர்செய்ய முற்படுவோர் முதலில் விடை காண வேண்டிய வினா, உள்ளே என்ன இருக்கிறது என்பதே. கதிர்வீச்சின் கடுமையால் மனிதன் சென்று பார்க்கவியலாத அவ்விடத்தில், தொலைவிலிருந்து இயக்கப்படும் ஆய்வுக் கருவிகளே அவனுக்குக் கண்ணும் கையுமாகின்றன.

அமெரிக்காவின் மூன்று மைல் தீவு உலையில் 1979இல் விபத்து நேர்ந்தது. 1982இல் சிறு கேமரா ஒன்றை உள்ளே இறக்கியபோதுதான், எரிபொருள் நிறைந்திருக்க வேண்டிய மேற்பகுதி சுமார் ஒன்றரை மீட்டர் ஆழத்திற்கு வெறுமையாய்க் கிடப்பது தெரியவந்தது.

1986இல் செர்னோபில் உலையின் கூரையில் சிதறிய துண்டுகளை அகற்றச் சென்ற இயந்திரங்கள் செயலிழந்தன. அவற்றின் இடத்தில் 3,000க்கும் மேற்பட்டோர் ஓரிரு நிமிடங்களே நிற்குமாறு முறைவைத்து அனுப்பப்பட்டனர். 'உயிருள்ள ரோபோக்கள்' என்று அவர்கள் அழைக்கப்பட்டனர். உயிர்காத்தலை ஷரீஅத்தின் ஐந்து அடிப்படை நோக்கங்களுள் ஒன்றாக இமாம் கஸ்ஸாலி (ரஹ்) வகுத்துரைத்ததை அறிந்த நமக்கு, இப்பெயர் நெஞ்சை உறுத்துவதாகும்.

இயந்திரம் தோற்பதற்கும் காரணங்கள் உண்டு. கதிர்வீச்சு மின்னணுச் சில்லுகளைச் சிதைக்கிறது. கேமராவின் பார்வையை மங்கச் செய்கிறது. தடித்த கான்கிரீட் சுவர்கள் வானொலி அலைகளைத் தடுப்பதால் பல கருவிகள் கம்பிவடத்தையே நம்பியுள்ளன. அதுவோ இடிபாடுகளில் சிக்கிக்கொள்கிறது. 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் மூன்று உலைகள் உருகிய பின் அனுப்பப்பட்ட 'குயின்ஸ்' என்னும் ரோபோ, வடம் அறுந்து உள்ளேயே நின்றுவிட்டது. 2017 பிப்ரவரியில் இரண்டாம் உலைக்குள் சென்ற 'தேள்' ரோபோவும் மீளவில்லை.

எனினும் முயற்சி வீண்போகவில்லை. அதே ஆண்டு ஜூலையில், 13 செ.மீ. குறுக்களவே கொண்ட நீந்தும் கருவி, மூன்றாம் உலையில் உருகி உறைந்த எரிபொருள் எனக் கருதப்படுவதைப் படம்பிடித்தது. 2019இல் மற்றொரு கருவி இரண்டாம் உலையின் படிவுகளைத் தொட்டு அசைத்துப் பார்த்தது. 2024 நவம்பரில் நீளும் குழாய்க் கருவியொன்று சுமார் 0.7 கிராம் படிவை வெளிக்கொணர்ந்தது. மூன்று உலைகளிலும் எஞ்சியிருப்பதோ ஏறத்தாழ 880 டன் என மதிப்பிடப்படுகிறது!

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. 2024 ஆகஸ்டில் அக்கருவியின் உந்துகுழாய்கள் வரிசை மாறி வைக்கப்பட்டதால் பணி நின்றது. கதிர்வீச்சுச் சூழலில் அவற்றை அடுக்கியவர்கள் மனிதர்களே. கருவி மனிதனின் இடரைக் குறைக்கிறது; முற்றும் நீக்குவதில்லை. இழந்த இயந்திரத்திற்கு ஈடு செய்யலாம்; இழந்த உயிருக்கு ஈடில்லை. எனவே அப்பணியாளர்களின் உயிர், அவர்களை ஏவுவோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகும்.