அரசு ஆவணங்கள், உள்ளூர் நாளிதழ்களின் எண்ணிமப் பாதுகாப்பு

அரசு ஆவணங்கள், உள்ளூர் நாளிதழ்களின் எண்ணிமப் பாதுகாப்பு என்பது அரசு அலுவலகங்களில் உருவாகும் பதிவேடுகள், ஆணைகள், அரசிதழ்கள், அறிக்கைகள் ஆகியவற்றையும், ஒரு வட்டாரத்தில் வெளியாகும் நாளிதழ்கள், பருவ இதழ்கள் ஆகியவற்றையும் எண்ணிம வடிவிற்கு மாற்றி, முறையாக விவரித்து, நெடுங்காலம் பேணி, பொதுமக்களின் பயன்பாட்டுக்கு அளிக்கும் செயற்பாடு ஆகும். நூலகவியல், ஆவணவியல், கணினியியல் ஆகிய மூன்று துறைகளும் இதில் இணைகின்றன.

இவ்விரு வகை ஆவணங்களும் ஒன்றையொன்று நிறைவு செய்பவை. அரசு என்ன முடிவெடுத்தது என்பதை ஆணை கூறும். அம்முடிவு ஓர் ஊரில் எவ்வாறு நடைமுறைக்கு வந்தது, அல்லது வராமல் போனது என்பதை உள்ளூர்ச் செய்தி கூறும். நூல்களைப் போன்று இவை மறுபதிப்புக் காண்பதில்லை. எனவே இருக்கும் சில படிகள் அழிந்தால் அவற்றிலுள்ள செய்தியும் முற்றாக அழிந்துவிடும்.

அழிவின் காரணங்கள்

நாளிதழ்த் தாள் பெரும்பாலும் மரக்கூழிலிருந்து செய்யப்படுகிறது. மரக்கூழில் எஞ்சியிருக்கும் லிக்னின் என்னும் பொருள் ஒளியாலும் காற்றாலும் மாற்றமடைந்து தாளை மஞ்சளாக்குகிறது. தாளில் உருவாகும் அமிலம் அதை நொறுங்கச் செய்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் மிக்க தமிழ்நாட்டுத் தட்பவெப்பத்தில் இது விரைவாக நிகழ்கிறது. கறையானும் பூஞ்சையும் எஞ்சியவற்றை அழிக்கின்றன.

அரசுக் கோப்புகள் விதிப்படியே அழிக்கப்படுவதும் உண்டு. தமிழ்நாட்டு அலுவலக நடைமுறையில் ஒரு கோப்பு முடிவுற்றதும் அது எத்தனை ஆண்டுகள் வைத்திருக்கப்பட வேண்டும் என்பது குறிக்கப்படுகிறது. ஓ.மு. எனில் ஓராண்டு, மூ.மு. எனில் மூன்றாண்டு, ப.மு. எனில் பத்தாண்டு, நி.மு. எனில் நிரந்தரம். காலவரை முடிந்த கோப்புகள் கழிக்கப்படுகின்றன. அலுவலகத் தேவையைக் கருதி வகுக்கப்பட்ட இக்கால அளவுகள் வரலாற்றுத் தேவையை அளப்பதில்லை. ஒரு கோப்பின் மதிப்பு பல வேளைகளில் அது கழிக்கப்பட்ட பின்னரே தெரியவருகிறது.

கடத்தூர்: ஓர் எடுத்துக்காட்டு

தருமபுரி மாவட்டத்திலுள்ள கடத்தூர் ஒரு பேரூராட்சி ஆகும். இவ்வூரின் வரலாற்றை ஆவணங்களின் வழியே அறிய விரும்பும் மாணவர் ஒருவர் எங்கெங்கு தேட வேண்டும் என்பதைக் கருதினால் இத்துறையின் அடிப்படைச் சிக்கல் விளங்கும்.

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. எனவே அதற்கு முந்தைய ஆவணங்களைச் சேலம் மாவட்டத்தின் பெயரில் தேட வேண்டும். 2004இல் கிருட்டிணகிரி தனி மாவட்டமானதால், 1965க்கும் 2004க்கும் இடையில் தருமபுரி மாவட்டம் என்ற பெயரில் உள்ள புள்ளிவிவரங்கள் இன்றைய மாவட்டத்தை விடப் பெரிய நிலப்பரப்பைக் குறிப்பவை. இன்னும் பின்சென்றால், 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின் இப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கீழ் வந்தபோது பாராமகால் என அழைக்கப்பட்டது. அலெக்சாண்டர் ரீடும், அவரது உதவியாளர்களுள் ஒருவரான தாமஸ் மன்றோவும் 1792 முதல் 1799 வரை இங்கு நில அளவையும் வரி ஏற்பாடும் செய்தனர். அக்காலக் கடிதங்களும் அறிக்கைகளும் பின்னர் பாராமகால் ஆவணங்கள் என்ற பெயரில் சென்னை அரசால் பல பகுதிகளாக அச்சிடப்பட்டன.

ஊர்ப் பெயரும் குழப்பம் தரக்கூடியது. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்திலும் கடத்தூர் என்ற ஊர் உண்டு. "கடத்தூர்" என்ற சொல்லை மட்டும் கொண்டு தேடினால் இரு ஊர்களின் செய்திகளும் கலந்தே கிடைக்கும்.

ஊர் அளவிலான நில ஆவணங்களின் தேவை வரலாற்று ஆர்வத்துடன் முடிவதில்லை. தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் திட்டம் (யு.டி.ஆர்.) நடைபெற்றது. அப்போது பட்டாவில் பெயரோ பரப்போ தவறாகப் பதிவானவர்கள் அதைத் திருத்தக் கோரும்போது, திட்டத்துக்கு முந்தைய "அ" பதிவேடு போன்ற பழைய கணக்குகளே முதன்மைச் சான்றாகின்றன. பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர்கள் நியமிக்கப்பட்டதால், பழைய ஊர்க் கணக்குகள் கைமாறிய காலமும் ஏறத்தாழ இதுவே. ஒரு பதிவேட்டின் ஒரு பக்கம் கிழிந்திருந்தால் ஒரு குடும்பத்தின் நில உரிமைக்கான சான்று இல்லாமற் போகலாம்.

இதே மாவட்டத்தில் அரூரை அடுத்த வாச்சாத்தியில் 1992 சூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைப் பணியாளர்கள் பழங்குடி மக்கள் மீது நிகழ்த்திய வன்முறை தொடர்பான வழக்கு, காலம் பற்றிய மற்றோர் உண்மையைக் காட்டுகிறது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிருடன் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தருமபுரி அமர்வு நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று அத்தீர்ப்பை உறுதி செய்தது. நிகழ்வுக்கும் இறுதியாகச் சொன்ன தீர்ப்புக்கும் இடையில் 31 ஆண்டுகள். நீதிமன்றத்தை எட்டிய ஒரு நிகழ்வின் சான்றுகள் வழக்கின் பொருட்டுக் காக்கப்படுகின்றன. நீதிமன்றத்தை எட்டாத நிகழ்வுகளுக்கு அத்தகைய காப்பு இல்லை. அவற்றின் அலுவலகத் தாள்கள் மூன்று அல்லது பத்து ஆண்டுகளில் கழிக்கப்படலாம். பின்னர் எஞ்சக்கூடியது அக்காலச் செய்தித்தாள் மட்டுமே.

அச்செய்தித்தாளும் எளிதில் கிடைப்பதில்லை. பெரிய நாளிதழ்கள் பல பதிப்புகளாக வெளிவருகின்றன. சேலம் அல்லது தருமபுரிப் பதிப்பின் மாவட்டப் பக்கங்களில் வரும் கடத்தூர்ச் செய்தி சென்னைப் பதிப்பில் இருப்பதில்லை. தலைநகரில் ஒரு பதிப்பு மட்டும் சேமிக்கப்பட்டால் சிற்றூர்களின் செய்தி அதில் இடம்பெறாது. ஊர்களில் வாங்கப்படும் படிகளோ பழைய தாள்களாக எடைக்குப் போகின்றன.

எண்ணிமப்படுத்தும் முறை

எண்ணிமப்படுத்தல் பொதுவாகப் பின்வரும் படிநிலைகளைக் கொண்டது.

1. தேர்வும் ஒழுங்கும்: எவை அரியவை, எவை விரைவில் அழியக்கூடியவை என்று கண்டு முன்னுரிமை அளித்தல். விடுபட்ட நாள்களையும் பக்கங்களையும் குறித்துக்கொள்ளுதல்.

2. வருடுதல்: நாளிதழ்களுக்கு அங்குலத்துக்கு 300 முதல் 400 புள்ளிகள் வரையிலான துல்லியம் வழக்கமாகக் கொள்ளப்படுகிறது. நொறுங்கும் தாள்களுக்கு மேலிருந்து படமெடுக்கும் வருடியே ஏற்றது. மூலப்படி டிஃப் போன்ற இழப்பற்ற வடிவிலும், வாசகர் படி பி.டி.எஃப். வடிவிலும் வைக்கப்படும்.

3. மேனிலைத் தரவு: ஆவணத்தைப் பற்றிய தகவல்களைப் பதிதல். தலைப்பு, வெளியீட்டாளர், நாள், பதிப்பு, இடம், உரிமை முதலியன இதில் அடங்கும். 15 அடிப்படைக் கூறுகளைக் கொண்ட டப்ளின் கோர் என்னும் சீர்தரம் பரவலாகப் பயன்படுகிறது. கடத்தூர் போன்ற ஊர்களுக்கு இன்றைய மாவட்டம், ஆவணம் உருவான காலத்து மாவட்டம் ஆகிய இரண்டையும் பதிதல் வேண்டும்.

4. எழுத்துணர்தல்: படத்திலுள்ள எழுத்துகளை எழுத்துணரி மென்பொருள் கொண்டு தேடத்தக்க உரையாக மாற்றுதல். தெசராக்ட் என்னும் கட்டற்ற மென்பொருள் தமிழையும் ஆதரிக்கிறது. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான ணை, லை, றா, னா போன்றவற்றின் பழைய வடிவங்களிலும், மங்கிய அச்சிலும், நெருக்கமான பத்திகளிலும் பிழைகள் மிகுதியாக வரும். அவற்றை மனிதர் மெய்ப்புப் பார்க்க வேண்டும்.

5. பேணல்: கோப்புகளின் சரிகாண் தொகையைக் கணித்து வைத்து, அவை மாறாமல் உள்ளனவா என்று குறிப்பிட்ட கால இடைவெளியில் சோதித்தல். ஒரே கோப்பைக் குறைந்தது மூன்று படிகளாக, வெவ்வேறு இடங்களில் வைத்தல்.

சேமிப்புக்கு வேண்டிய அளவை எளிதில் கணக்கிடலாம். 14 அங்குல அகலமும் 21 அங்குல உயரமும் உள்ள பக்கத்தை 300 புள்ளித் துல்லியத்தில் சாம்பல்நிறப் படமாக வருடினால், சுருக்கப்படாத நிலையில் ஏறத்தாழ 26 மெகாபைட் ஆகும். நாளொன்றுக்கு நான்கு மாவட்டப் பக்கங்கள் எனில் ஆண்டுக்கு 1,460 பக்கங்கள்; மொத்தம் 39 கிகாபைட்டுக்குள் அடங்கும். ஒரு சாதாரண வன்தட்டில் பல பத்தாண்டுகளின் பக்கங்களைச் சேமிக்கலாம். ஆகவே இப்பணியின் பெரும் செலவு வருடுவதற்கும் விவரிப்பதற்கும் வேண்டிய மனித உழைப்பே ஆகும்.

எண்ணிம வடிவில் பிறந்த ஆவணங்கள்

கணினியில் உருவான ஆவணங்கள் தாமாகவே பாதுகாப்பாக இருக்கும் என்பது தவறான கருத்தாகும். தமிழ்நாட்டு அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் நெடுங்காலம் வானவில், பாமினி, டாம் போன்ற வெவ்வேறு எழுத்துருக் குறியாக்கங்கள் பயன்பட்டன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்புகளைத் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியையும் டேஸ்16 என்னும் குறியாக்கத்தையும் சீர்தரங்களாக ஏற்றது. அதற்கு முந்தைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி, மூலக் கோப்புடன் சேர்த்துப் பேண வேண்டும்.

இணையச் சேவையும் ஆவணகமும் ஒன்றல்ல என்பதும் கருதத்தக்கது. நில ஆவணங்களைக் காட்டும் அரசு இணையத்தளம் இன்றைய பட்டாதாரர் யார் என்பதைத் தெரிவிக்கும். 40 ஆண்டுகளுக்கு முன் யார் பெயரில் இருந்தது என்பதைக் காட்டுவது ஆவணகத்தின் பணி. ஒரு தளம் புதுப்பிக்கப்படும்போது பழைய முகவரிகள் செயலிழப்பதால், அதிலிருந்த அறிக்கைகளும் ஆணைகளும் கண்ணிலிருந்து மறைகின்றன.

சட்ட நிலை

1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டம், 1956ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் நாளிதழ்களுக்கும் பொருந்துகிறது. இதன்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களும் இதழ்களும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா பொது நூலகம் உள்ளிட்ட மேலும் மூன்று நூலகங்களுக்கும் அனுப்பப்பட வேண்டும்.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, பொது அதிகார அமைப்புகள் தம் ஆவணங்களைப் பட்டியலிட்டு, அட்டவணைப்படுத்தி, ஏற்றவற்றைக் கணினிமயமாக்க வேண்டும் எனக் கூறுகிறது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அரசின் படைப்புகளுக்கான உரிமை வெளியீட்டுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். எனினும் அரசிதழில் வெளியானவற்றை மறுபதிப்புச் செய்ய 52ஆம் பிரிவு விலக்களிக்கிறது. தனியே வெளியிடப்படும் சட்டங்களுக்குச் சில வரையறைகள் உண்டு. நாளிதழ்களைப் பொறுத்தவரை, உரிமைக் காலம் முடியாதவற்றை வெளியிட உரிமையாளரின் இசைவு தேவை. தனிமனிதரின் நோய், சாதி, வழக்கு முதலிய விவரங்கள் கொண்ட ஆவணங்களைப் பேணலாம்; ஆனால் அவற்றைத் திறந்து விடுவதில் கட்டுப்பாடு வேண்டும்.

முன்னெடுப்புகள்

தமிழ்நாடு ஆவணக் காப்பகம் சென்னை எழும்பூரில் 1909இல் கட்டப்பட்ட கட்டடத்தில் இயங்குகிறது. முன்னர் சென்னை ஆவண அலுவலகம் எனப்பட்ட இது, சென்னை மாகாண கால ஆவணங்களின் முதன்மை இருப்பிடமாகும். கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளில் சேர்த்த நூல்கள், இதழ்கள், துண்டறிக்கைகள் ஆகியவற்றைக் கொண்டு 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நிறுவப்பட்டது. நுண்படச் சுருளில் தொடங்கிய அதன் பாதுகாப்புப் பணி பின்னர் எண்ணிமத்துக்கு விரிந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017இல் தமிழ் மின்னூலகத்தைத் தொடங்கியது.

இலங்கையில் 1981 சூன் 1ஆம் நாளை ஒட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அதே நாள்களில் ஈழநாடு நாளிதழின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பதன் இடரை இந்நிகழ்வு போல் காட்டியது வேறில்லை. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்களுடன் நாளிதழ்கள், பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள், துண்டறிக்கைகள் ஆகியவற்றையும் எண்ணிமப்படுத்தி இணையத்தில் இலவசமாக அளித்து வருகிறது.

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ்த் தொகுப்பில் 1935இல் தொடங்கப்பட்ட தமிழ் முரசின் பழைய இதழ்கள் இடம்பெற்றுள்ளன. ஆத்திரேலிய தேசிய நூலகத்தின் துரோவ் தளத்தில் எழுத்துணரியின் பிழைகளை வாசகர்களே திருத்துகின்றனர். சிறு நகரங்களின் இதழ்களும் அதில் சேர்க்கப்பட்டுள்ளன.

உள்ளூர் அளவில் செய்யக்கூடியவை

பெரிய ஆவணகங்கள் எல்லா ஊர்களின் தாள்களையும் திரட்ட இயலாது. எனவே முதல் திரட்டல் ஊரிலேயே நிகழ வேண்டியுள்ளது. கிளை நூலகம், பள்ளி, கல்லூரி ஆகியவை மாவட்டப் பக்கங்களை நாள்தோறும் தனியே எடுத்து வைக்கலாம். பேரூராட்சித் தீர்மானங்கள், ஆண்டறிக்கைகள், பள்ளி மலர்கள், திருவிழா அழைப்பிதழ்கள், தேர்தல் துண்டறிக்கைகள் ஆகியவற்றின் பட்டியலை உருவாக்கலாம். பட்டியல் மட்டும் இருப்பினும் எது எங்குள்ளது என்பது தெரியும். வருடும் வசதி பின்னர் வரும்போது பணி எளிதாகும்.

வருடி முடித்த பின்னும் மூலத் தாளை அழித்தல் கூடாது. வருடியதில் ஒரு பக்கம் விடுபட்டிருந்தால் அதை மீண்டும் எடுக்க அத்தாள் ஒன்றே வழியாகும்.