கத்தி பிடிக்கும் கைகள் – 6: இயந்திர நோயாளியும் தேக்காத் தாத்தாவும்

மணி அடிக்கும். வாசலில் ஒட்டியிருக்கும் குறிப்பைப் படித்துவிட்டு இளம் மருத்துவர் உள்ளே நுழைவார். ஓர் இடத்தில் உடற்கூற்று மாதிரி காத்திருக்கும். அடுத்ததில் தையல் ஊசியும் நூலும். அதற்கும் அடுத்த அறையில், அப்பாவின் அறுவை சிகிச்சை கடைசி நேரத்தில் தள்ளிப்போன கோபத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் ஒரு மகள்.

எம்ஆர்சிஎஸ் என்னும் அறுவை மருத்துவத் தேர்வின் இரண்டாம் பகுதி இப்படித்தான் நடக்கிறது. மதிப்பெண்ணுக்குரிய நிலையங்கள் 17, ஒவ்வொன்றுக்கும் 9 நிமிடம். சென்ற வாரம் பார்த்த 300 கேள்வி எழுத்துத் தேர்வைத் தாண்டியவர்களுக்கே இந்த வாசல் திறக்கும். நான்கு முறைக்குமேல் முயல முடியாது. இந்தத் தேர்வை நடத்தும் கல்லூரிகளுள் ஒன்றான எடின்பரோ அறுவை மருத்துவர் கல்லூரி தொடங்கியது 1505இல். அதன் தேர்வுக்குச் சிங்கப்பூரும் ஒரு மையம்.

தேர்வின் இந்த வடிவம் மட்டும் அவ்வளவு பழையதல்ல. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் பணியாற்றிய ரொனால்ட் ஹார்டன் 1975இல்தான் இதை உலகுக்கு எடுத்துச் சொன்னார். அதற்கு முன்பு, எந்த நோயாளி வாய்த்தார், எந்தத் தேர்வாளர் உட்கார்ந்திருந்தார் என்பதிலேயே ஒருவரின் தலைவிதி பெரும்பாலும் தீர்மானமானது. எல்லோருக்கும் ஒரே நோயாளி, ஒரே கேள்வி, ஒரே மதிப்பெண் பட்டியல் என்பது அந்த அநீதிக்கு மாற்றாக வந்தது. அதற்கும் முன்பே, 1963இல், கலிஃபோர்னியாவில் ஹோவர்ட் பாரோஸ் நலமாக இருந்த ஒரு பெண்ணுக்கு நரம்பு நோயாளியாக நடிக்கப் பயிற்சி கொடுத்திருந்தார். இன்று கைப்பேசிக்குள்ளிருந்து “டாக்டர், எனக்கு வயிறு வலிக்கிறது” என்று பேசும் இயந்திர நோயாளி அந்த நடிகையின் வாரிசு.

இந்த இயந்திர நோயாளியின் தேவை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எந்தப் பயிற்சி மருத்துவரும் தன் பணி அட்டவணையைத்தான் காட்டுவார். நேர்முகப் பயிற்சிக்கு எதிரே ஒருவர் வேண்டும். கூடப் படிப்பவர் வேறு மருத்துவமனையில் ஆன்கால் பார்த்துக்கொண்டிருப்பார். மூத்த மருத்துவர் அறுவை அரங்கில் இருப்பார். இரவு பதினொரு மணிக்கு அலுக்காமல், முகம் சுளிக்காமல் பதினைந்தாவது முறையும் அதே நோயாளியாக நடிக்க இயந்திரத்தால் மட்டுமே முடியும்.

அது இயங்கும் விதம் எளிமையானது. மருத்துவர் பேசுவதை எழுத்தாக்கி, மொழி மாதிரி ஒன்று நோயாளியின் கதைக்குள் நின்று பதில் தயாரிக்கிறது. அந்தப் பதில் மீண்டும் குரலாகிறது. மதிப்பெண் பட்டியலையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டால், ஒவ்வாமை பற்றிக் கேட்கவில்லை, ரத்தத்தை இளக்கும் மாத்திரை பற்றிக் கேட்கவில்லை என்று விடுபட்டதைச் சுட்டிக்காட்டும். நள்ளிரவில் நிபுணரைத் தொலைபேசியில் எழுப்பி நோயாளியின் நிலையைச் சுருங்கச் சொல்வது, அறுவைக்கு ஒப்புதல் பெறுவது, கோபத்தை எதிர்கொள்வது ஆகியவற்றுக்கு இது உண்மையிலேயே நல்ல துணை. மனத்துக்குள் தெரிந்த பதில் வாயில் வரும்போது எப்படித் திக்குகிறது என்பது சத்தமாகப் பேசிப் பார்த்தால்தானே தெரியும்!

இந்த இயந்திரம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பேசும் என்பதை அளந்து பார்த்தவர்களும் சிங்கப்பூர்க்காரர்களே. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் மகப்பேறு, மகளிர் மருத்துவப் பேராசிரியர் மகேஷ் சூலானியின் குழு 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. இணையவழித் தேர்வுக்கான ஏழு கேள்விகள் சாட்ஜிபிடியிடமும் தரப்பட்டன. 14 தேர்வாளர்கள் திருத்தினார்கள். அது பெற்ற சராசரி 77.2 விழுக்காடு. முன்பு அந்தத் தேர்வை எழுதிய மனிதர்களின் சராசரி 73.7. ஒவ்வொரு கேள்விக்கும் அனுமதி பத்து நிமிடம். இயந்திரம் எடுத்துக்கொண்டதோ சராசரியாக 2 நிமிடம் 54 விநாடி. பரிவோடு பேசும் பகுதியிலும் அதற்கு நல்ல மதிப்பெண்.

செய்தியைப் படித்தவர்கள் மருத்துவரையே இயந்திரம் வென்றுவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். அது வென்றது சொல்லால் அளக்கக்கூடிய பகுதியை மட்டுமே. அந்தத் தேர்வில் தொட்டுப் பார்க்க ஓர் உடல் இல்லை.

குடலிறக்கத்தை எடுத்துக்கொள்வோம். நோயாளியை நிற்கச் சொல்லி, இருமச் சொல்லி, இடுப்பின் முன்னெலும்பில் உள்ள சிறு புடைப்பை விரலால் தேட வேண்டும். வீக்கத்தின் கழுத்து அதற்கு மேலே உட்பக்கமாக இருந்தால் கவட்டைக் குடலிறக்கம். கீழே வெளிப்பக்கமாக இருந்தால் தொடைக் குடலிறக்கம். இரண்டாவது வகையில் குடல் சிக்கி அழுகும் ஆபத்து அதிகம். இந்த விதியை இயந்திரம் பிழையில்லாமல் ஒப்பிக்கும். பருத்த உடலில், கூச்சத்தோடு நிற்கும் ஒரு முதியவரிடம் அந்தப் புடைப்பைக் கண்டுபிடிப்பது விரலின் வேலை. கை கழுவினாரா, திரைச்சீலையை இழுத்து மூடினாரா, அமுக்கும்போது நோயாளியின் முகத்தைப் பார்த்தாரா என்பதெல்லாம் குரலை மட்டும் கேட்கும் செயலிக்குத் தெரியாது.

கையையே கவனிக்கும் இயந்திரங்களும் வந்துவிட்டன. கனடாவின் மெகில் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் மூளைக்கட்டி அகற்றும் பாவனை அறுவையைச் செயற்கை நுண்ணறிவிடம் பயின்றார்கள். தொலைவிலிருந்து நிபுணர் கற்பித்த குழுவைவிட அவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்றது 2022இல் வெளியான ஆய்வு. அடுத்த ஆண்டு அதே குழு இன்னொன்றையும் சொன்னது: பாதுகாப்பு கூடியது, ஆனால் கையின் வேகமும் லாவகமும் குறைந்தன. இயந்திரம் எதை அளந்ததோ அதில் மாணவர் தேறினார், அளக்காததை இழந்தார்.

பேச்சிலும் இதே சிக்கல்தான். செயலி நோயாளி கோவையாகப் பேசுவார்; கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். உண்மை நோயாளி அப்படியல்ல. லிட்டில் இந்தியாவின் தேக்கா வட்டாரத்தில், சிராங்கூன் சாலையை ஒட்டிய வீவக வீடுகளிலிருந்து, 1844இல் அடிக்கல் நாட்டப்பட்ட டான் டோக் செங் மருத்துவமனைக்குப் போக அதிக நேரமாகாது. அங்கே வந்து உட்காரும் தேக்காத் தாத்தா தமிழில் தொடங்கி, மலாயில் திரும்பி, ஆங்கிலத்தில் முடிப்பார். வலி எப்போது தொடங்கியது என்று கேட்டால் பேரனின் திருமணத்திலிருந்து ஆரம்பிப்பார். நடுவில், யாரும் கேட்காமலே, சாப்பாடு இறங்குவதில்லை என்று ஒரு வார்த்தை விழும். நோய் அங்கே இருக்கும். அதைக் காத்திருந்து பிடிக்கும் காது வார்டில்தான் வளரும்.

ஆகவே தேர்வுக்குத் தயாராகும் இளையர்கள் இயந்திரத்தைத் தாராளமாகப் பயன்படுத்தட்டும். ஒன்பது நிமிடக் கடிகாரம் வைத்து, கறாராகத் திருத்தச் சொல்லிப் பழகட்டும். அது உறுதியான குரலில் தவறும் சொல்லும் என்பதால் மருந்தின் அளவையும் சிகிச்சை முறையையும் நூலிலோ மூத்தவரிடமோ சரிபார்த்துக்கொள்ள வேண்டும். உண்மை நோயாளியின் பெயரையோ அறிக்கையையோ பொதுச் செயலியில் இடவே கூடாது.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நீங்களோ உங்கள் வீட்டுப் பெரியவரோ மருத்துவமனையில் இருக்கும்போது, ஓர் இளம் மருத்துவர் வந்து, “படிப்பதற்காக உங்களைப் பரிசோதித்துப் பார்க்கலாமா, ஐயா?” என்று தயங்கிக் கேட்கக்கூடும். மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. உடம்பு இடம்கொடுத்தால், சரி என்று சொல்லுங்கள்.

(தொடரும்)