புள்ளி வைக்காத ஓலை, பூப்போட்ட மரம்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காரவள்ளி வழியாக 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறியவர்களுக்குச் சில்வர் ஓக் மரம் தெரியும். மிளகுக்கொடி தொற்றிக்கொள்ள நெடுநெடுவென்று நிற்கும், பூர்வீகம் ஆஸ்திரேலியா. அந்த மரத்தில் சீவிய அரை மில்லிமீட்டர் வெனீர் தகடு ஒன்றை, ரவிக்கைக்குப் பூப்போடும் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினில் வைத்துத் தரச் சொன்னேன். சுவரில் மாட்ட ஒரு மயில் வேண்டும், அவ்வளவுதான். கழுத்துவரை அழகாக வந்தது. தோகை தொடங்கியதும் படக்கென்று ஒரு சத்தம். நார் ஓடிய வாக்கில் தகடு நெடுகப் பிளந்துகிடந்தது.

மரம் கடினமாயிற்றே, அதனால்தான் என்று நினைக்கத் தோன்றும். இல்லை. 75ஆம் நம்பர் ஊசி என்றால் அதன் தண்டு 0.75 மில்லிமீட்டர்; தகட்டைவிட ஊசிதான் பருமன். குத்துவது எளிது. சிக்கல், குத்தியபின் விழும் ஓட்டையில் இருக்கிறது.

துணியில் ஊசி இறங்கும்போது பாவும் ஊடையும் சற்று ஒதுங்கி வழிவிடும். ஊசி ஏறியதும் மறுபடி நெருங்கிவிடும். மரத்தின் நார்களையோ லிக்னின் என்னும் பொருள் பசைபோல் இறுக்கி ஒட்டியிருக்கிறது. ஒதுங்க இடமில்லை. ஊசி ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன ஆப்பாகவே இறங்குகிறது. ஆப்பு நார்வாக்கில் என்ன செய்யும் என்று விறகு பிளப்பவரைக் கேட்டால் சொல்வார். தோகையில் தையல்கள் நெருங்கின. தபால்தலை ஓரத்து ஓட்டைகளைப் போல வரிசையாகத் துளை விழுந்தது. நிமிடத்துக்கு 800 தையல் போடும் மெஷினுக்கு அது சில நொடி வேலை.

ஓலையில் எழுதிய நம் முன்னோர்களுக்கு இது பழகிய தொல்லை. பனையோலையின் நரம்பும் ஒரே திசையில்தான் ஓடுகிறது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்றே சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டார்கள் என்பார்கள். பிற்காலத்தில் பதிப்பாசிரியர்கள் மெய்யா, உயிர்மெய்யா என்று மண்டையை உடைத்துக்கொண்டது தனிக்கதை.

மரத்துக்கு வழியும் அதே சிக்கனம்தான். துணிக்கு 0.4 மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கி நிரப்பும் பூவை மறந்துவிட வேண்டும். தையலுக்குத் தையல் மூன்று மில்லிமீட்டர் விட்டு, வெறும் கோட்டோவியமாகப் போட வேண்டும்; கோடும் நார்வாக்கில் நேராக ஓடாமல் குறுக்காகவோ சாய்வாகவோ போவது நல்லது. தகட்டை வளையத்தில் கவ்வினால் நொறுங்கும். வளையத்தில் பசையுள்ள தாளை இறுக்கி, அதன்மேல் தகட்டை ஒட்டுவார்கள். ஊசி மேலே ஏறும்போது தகட்டையும் சேர்த்துத் தூக்கப் பார்க்கும்; கண்ணருகே நூல் சுருக்குப் போட்டால்தான் கீழே சுழலும் கொக்கி அதைப் பிடித்து அடிநூலைச் சுற்றிவரும் என்பதால் தகடு அசையவே கூடாது. வேகத்தைக் குறைக்க வேண்டும். தவறு நேர்ந்தால் பிரித்துத் தைக்கவும் முடியாது, ஓட்டை ஓட்டைதான்.

இரண்டாவது மயிலுக்குத் தோகை ஏழே கோடு. எனக்கென்னவோ முதலாவதைவிட இதுதான் மயிலாகத் தெரிகிறது.

சட்டம் போடும்போது மட்டும் கண்ணாடிக்கடைக்காரரிடம் நான்கு பக்கமும் இறுக்க வேண்டாம் என்றேன். மரம் ஈரம் குடித்தால் நீளவாக்கில் அநேகமாக மாறாது, அகலவாக்கில் உப்பும். ஐப்பசி மழைக்கு அது விரிய, பக்கவாட்டில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது.