இடித்த பேட்டையும் இசைப் பூங்காவும்

ஹட் பேயில் வாழும் நேயர்களுக்கு ஒரு குடியிருப்பு அழிவது இன்னதென்று நாம் விளக்க வேண்டுவதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று அவ்வூர்க் கரையைக் கடல் சிதைத்தது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ட்ரெமே என்னும் பேட்டையின் ஒரு பகுதியைச் சிதைத்ததோ நகர நிர்வாகம்; அதுவும் கலையின் பெயரால்!

ட்ரெமே, கறுப்பின மக்கள் நெடுங்காலம் வாழ்ந்த பேட்டை. அதன் ஓரத்துத் திடலில் அந்நாளைய அடிமைகள் ஞாயிறுதோறும் கூடி, முழவு கொட்டி ஆடினர். நகரம் குறித்த இடத்திலன்றி வேறெங்கும் அவர்கள் அவ்வாறு கூடலாகாது என 1817-இல் சட்டம் பிறந்தது. அடக்குவதற்கென வகுத்த அவ்விடமே, காங்கோ சதுக்கம் என்னும் பெயரில், ஆப்பிரிக்கத் தாளத்தைக் காத்தது. ஜாஸ் இசையின் வேர்களுள் ஒன்று அங்கே உள்ளது என்பர்.

1960-களில், கலை மாளிகைகள் எழுப்புவதற்கென ட்ரெமேயின் பல தெருக்களை இடித்தனர். குடும்பங்கள் சிதறின. இசைவாணர்களை வளர்த்த திண்ணைகளும் போயின. திட்டமிட்ட மாளிகைகளுள் பெரும்பாலானவை எழவே இல்லை. வெறுமையாய்க் கிடந்த அந்நிலத்தில் 1980-இல் பூங்கா திறந்து, லூயி ஆம்ஸ்ட்ராங்கின் பெயரைச் சூட்டினர். அவர் பிறந்தது வேறு பேட்டை. அந்த வீட்டையும் 1964-இல் இடித்திருந்தனர் என்பதை நாம் சொல்லாமல் விடுவதற்கில்லை.

எலிசபெத் காட்லெட் வடித்த அவர் சிலை டிரம்பெட்டும் கைக்குட்டையுமாக அங்கே நிற்கிறது. நமக்கோ, பூங்காவுக்குள் அடங்கிவிட்ட அப்பழைய சதுக்கமே பெரிதாகத் தோன்றுகிறது. படைத்தலைவர் ஒருவரின் பெயரை நெடுங்காலம் தாங்கியிருந்த அவ்விடத்துக்கு, 2011-இல் காங்கோ சதுக்கம் என்ற பெயரையே நகர மன்றம் முறைப்படி வழங்கியது. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் அங்கே இன்றும் முழவு ஒலிக்கிறது.