எரிந்த பிலிமும் புதிய இறுவட்டும்

புதுப்படக் கசெட் எப்போது வரும் என்று வீடியோக் கடைக்காரரை நச்சரித்த காலம் எம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். இன்று அந்தக் கசெட்டும் இல்லை, அந்தக் கடைகளில் முக்கால்வாசியும் இல்லை. ஆனால் நாங்கள் வந்து குடியேறியிருக்கும் இந்த நாடுகளிலே இன்னொரு கூட்டம் இன்றும் அதே ஆவலுடன் காத்திருக்கிறது. இவர்கள் எதிர்பார்ப்பது ஐம்பது, அறுபது, சிலவேளை நூறு வருடத்துக்கு முந்திய பழைய படங்களை. அவை சுத்தமாக்கப்பட்டு, புதிய இறுவட்டாக எந்த மாதம் வெளிவரும் என்று நாட்காட்டியில் குறித்து வைத்துக் காத்திருக்கிறார்கள்.

"இதென்ன விசர் வேலை? போனில் தட்டினால் படம் வருகுதே" என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் இவர்களுடைய காத்திருப்புக்குப் பின்னால் எரிந்துபோன பிலிம்களின் கதை இருக்கிறது, போரில் கொண்டுபோகப்பட்ட பிலிம்களின் கதை இருக்கிறது. எரிந்த ஊரிலிருந்து வந்த எங்களுக்கு அது அந்நியமான கதை அல்ல. ஆகவே சற்று விபரமாகப் பார்ப்போம்.

யார் இந்தச் சேகரிப்பாளர்கள்?

அமெரிக்காவில் 'கிரைற்றீரியன்' என்றொரு நிறுவனம் 1984 இல் தொடங்கியது. அந்த நாளில் கிராமபோன் தட்டுப் போன்ற பெரிய லேசர் டிஸ்க்குகளில் படங்களை வெளியிட்டது. முதலில் வந்தவை 'சிற்றிசன் கேன்', 'கிங் கொங்' ஆகிய இரண்டு படங்கள். 1998 இல் டி.வி.டி.க்கும், 2008 இல் புளூ-ரேக்கும் மாறியது. பிரித்தானியாவில் பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்ரிரியூட் இதே வேலையைச் செய்கிறது. 'மாஸ்ரர்ஸ் ஒவ் சினிமா' என்ற வரிசையும் அங்கேதான் 2004 இல் தொடங்கியது.

கிரைற்றீரியன் வெளியிடும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு இலக்கம் உண்டு. பெட்டியின் முதுகிலே அந்த இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும். சேகரிப்பாளர்கள் தங்கள் அலுமாரியில் இலக்க வரிசைப்படி அடுக்கி வைப்பார்கள். மாதத்தின் நடுப்பகுதியில், மூன்று மாதம் கழித்து வரப்போகும் படங்களின் பெயர்கள் அறிவிக்கப்படும். அந்த அறிவிப்பு நாள் இவர்களுக்குப் பரீட்சை முடிவு வருகிற நாள் மாதிரி.

அறிவிப்பு வருவதற்கு முன்னரே மணந்து பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். பிரான்சின் கான் திரைப்பட விழாவில் 2004 முதல் பழைய படங்களுக்கென்று தனிப் பிரிவு நடக்கிறது. இத்தாலியின் பொலோனா நகரில் பழைய படங்களுக்கென்றே ஒவ்வொரு கோடையிலும் ஒரு விழா நடக்கிறது. அங்கே ஒரு படத்தின் திருத்திய பிரதி காட்டப்பட்டால், அதன் இறுவட்டும் ஒருநாள் வரும் என்று இவர்கள் எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். 2025 இல் கானில் இப்படிக் காட்டப்பட்ட ஒரு படம் இலங்கைப் படம்: சுமித்ரா பீரிஸ் 1978 இல் எடுத்த 'கெஹெனு லமாய்'. சத்யஜித் ரேயின் 'ஆரண்யேர் தின் ராத்ரி'யும் அதே விழாவில் காட்டப்பட்டது.

முதலாம் இலக்கம் பிந்திய கதை

கிரைற்றீரியன் டி.வி.டி. தொடங்கியபோது 1 ஆம் இலக்கம் 'லா கிராண்ட் இலூஷன்' என்ற பிரெஞ்சுப் படத்துக்கு ஒதுக்கப்பட்டது. ஜோன் ரெனுவார் 1937 இல் எடுத்த படம் இது. முதலாம் உலகப் போரில் ஜேர்மனியரிடம் கைதிகளாக அகப்பட்ட பிரெஞ்சு வீரர்களைப் பற்றியது. பகைவனும் மனிதன்தான் என்று சொல்கிற படம் என்பதால் நாஜிகளுக்கு இது வேப்பங்காயாகக் கசந்தது.

2 ஆம் இலக்கமான குரோசாவாவின் 'செவன் சமுராய்' 1998 இலேயே கடைக்கு வந்துவிட்டது. 1 ஆம் இலக்கத்தைக் காணவில்லை. அது வந்தது 1999 கடைசியில்தான். என்ன காரணம்? வேலை நடந்துகொண்டிருந்தபோது, அந்தப் படத்தின் மூல நெகட்டிவிலிருந்தே புதிய பிரதி எடுக்க முடியும் என்று தெரியவந்தது. மூலம் இருக்கும்போது கொப்பியின் கொப்பியை விற்பதா என்று வெளியீட்டை நிறுத்திவிட்டார்கள்.

அந்த நெகட்டிவ் வந்த பாதையைக் கேளுங்கள். 1940 இல் பாரிஸ் வீழ்ந்த பின் நாஜிகள் அதை எடுத்து பேர்லினுக்குக் கொண்டுபோனார்கள். யுத்தம் முடிந்ததும் சோவியத் படையினர் மொஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள். 1960 களில் பிரான்சின் துலூஸ் நகரத் திரைப்படக் காப்பகத்துக்கு அது திரும்பி வந்தது. ஆனால் பெட்டிக்குள் இருப்பது மூல நெகட்டிவ் என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. 1990 களின் தொடக்கத்தில்தான் அடையாளம் கண்டார்கள். அதுவரை அது குண்டுவீச்சில் அழிந்துவிட்டது என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள். நாடு நாடாக அலைந்து, கடைசியில் சொந்த நாட்டிலேயே அடையாளம் தெரியாமல் முப்பது வருடம் கிடந்திருக்கிறது அந்தப் பிலிம்!

லண்டனில் எரிந்த அப்பு

இதைவிடப் பெரிய கதை, வங்காள இயக்குநர் சத்யஜித் ரேயின் அப்பு படங்களுடையது. 'பதேர் பாஞ்சாலி' (1955), 'அபராஜிதோ' (1956), 'அபூர் சன்சார்' (1959) என்று மூன்று படங்கள். அப்பு என்ற கிராமத்துச் சிறுவன் வளர்ந்து ஆளாகித் தந்தையாவது வரை சொல்லும் கதை. முதலாவது படத்துக்குக் காசு முட்டுப்பட்டபோது ரே மனைவியின் நகைகளை அடகு வைத்தார். பிறகு மேற்கு வங்க அரசு உதவிய பின்தான் படம் முடிந்தது.

1992 இல் ரேக்குக் கௌரவ ஒஸ்கார் விருது கொடுக்கப்பட்டது. அதே வருடம் ஏப்ரல் 23 ஆம் திகதி அவர் காலமானார். அவருடைய படங்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணத்தில் மூல நெகட்டிவ்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போக இருந்தவை. 1993 யூலையில் அந்த லண்டன் பிலிம் ஆய்வுகூடத்தில் தீப்பிடித்தது. காப்பாற்றக் கொண்டுபோன இடத்திலேயே எரிந்தன.

கரிந்து, சுருங்கி, ஒன்றோடொன்று ஒட்டிப்போன மிச்சத்தை எந்த மெசினிலும் ஓட்ட முடியாது. குப்பையில் போட்டிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஒஸ்கார் அக்கடமியின் காப்பகம் அந்தக் கரிக்கட்டைகளை அப்படியே பெட்டியில் வைத்து இருபது வருடம் பாதுகாத்தது. 2013 இல் கிரைற்றீரியன் அந்தப் பெட்டிகளைத் திறப்பித்து, பொலோனா நகரில் உள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பியது. அங்கே வேலை செய்தவர்கள் காய்ந்து முறியும் பிலிமுக்கு ஈரப்பதம் ஏற்றி இளக்கினார்கள். உருகி ஒட்டிய பசையையும் மெழுகையும் அகற்றினார்கள். ஓரத்தில் உள்ள பல்லுத் துளைகளைக் கையாலேயே திருத்திக் கட்டினார்கள். ஏறக்குறைய ஆயிரம் மணித்தியாலக் கைவேலை.

கடைசியில் 'பதேர் பாஞ்சாலி'யின் நெகட்டிவில் சுமார் 40 வீதமும், 'அபராஜிதோ'வில் 60 வீதத்துக்கு மேலும் மீண்டன. மூன்றாவது படத்தின் நெகட்டிவில் எதுவும் பயன்படவில்லை. மிகுதிப் பகுதிகளை வேறு நாடுகளின் காப்பகங்களில் இருந்த நல்ல பிரதிகளிலிருந்து எடுத்து நிரப்பினார்கள். 2015 மே மாதம் நியூயோர்க் நவீன கலை அரும்பொருட்சாலையில் திருத்திய படம் காட்டப்பட்டது. 1955 இல் 'பதேர் பாஞ்சாலி' முதன்முதல் காட்டப்பட்டதும் அதே இடத்தில்தான். அந்த வருடம் நவம்பரில் புளூ-ரே வந்தது. சேகரிப்பாளர்கள் ஏன் வருடக்கணக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது இப்போது விளங்கும்.

விலை கொடுத்து வாங்க வேண்டுமா?

போனில் வருகிற படம் எங்களுடையது அல்ல. உரிமை முடிந்தால் ஒருநாள் இரவோடிரவாக மறைந்துவிடும். இறுவட்டு அப்படியில்லை. அலுமாரியில் இருக்கும்வரை உங்களுடையது.

பிளாஸ்ரிக் வார்க்கிற தொழிற்சாலையில் வேலை செய்யும் எனக்கு இறுவட்டின் சூட்சுமம் சுலபமாகப் பிடிபட்டது. பொலிகார்பனேற் மணிகளை உருக்கி, நிக்கல் அச்சில் அழுத்தி வார்க்கிறார்கள். அச்சில் உள்ள நுண்ணிய மேடுகள் அதில் பள்ளங்களாகப் பதிகின்றன. மேலே அலுமினியப் பூச்சு. 12 சென்ரிமீற்றர் அகலம், 1.2 மில்லிமீற்றர் தடிப்பு. இப்படி அச்சில் வார்த்த இறுவட்டு நெடுநாள் இருக்கும். கணினியில் எழுதிக் கொடுக்கும் கள்ளக் கொப்பி வேறு. பெரும்பாலும் அதில் இருப்பது சாயப் படலம். வெயிலும் சூடும் பட்டால் அந்தச் சாயம் கெட்டுப் படம் தடக்கத் தொடங்கும்.

வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியது பிராந்திய இலக்கம். டி.வி.டி.யில் கனடாவும் அமெரிக்காவும் 1, மேற்கு ஐரோப்பா 2, அவுஸ்திரேலியா 4, இலங்கையும் இந்தியாவும் 5. புளூ-ரேயில் வட அமெரிக்காவுக்கு ஏ, ஐரோப்பாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் பி, இந்தியாவுக்கு சி என்ற எழுத்துகள். கனடாவில் உள்ள மச்சான் ஆசையாக அனுப்பிய படம் பாரிசில் ஓடாமல் போவது இதனால்தான். 4 கே இறுவட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் அதற்கென்று தனி இயந்திரம் வேண்டும்.

விலையும் லேசானதல்ல. கிரைற்றீரியன் புளூ-ரே ஒன்றின் பட்டியல் விலை ஏறக்குறைய 40 டொலர். பழக்கப்பட்டவர்கள் அரை விலைக்கு விற்கும் காலத்தைப் பார்த்திருந்து வாங்குகிறார்கள். புதிதாக வந்த குடும்பங்கள் காசைக் கொட்ட வேண்டியதில்லை. உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் போய்க் கேளுங்கள். பல நாடுகளில் புத்தகத்தைப் போலவே படங்களையும் இரவல் கொடுக்கிறார்கள். 'பதேர் பாஞ்சாலி'யைப் பிள்ளைகளோடு இருந்து பாருங்கள். பாஷை விளங்காவிட்டாலும் அந்த மழையும் அந்தக் கிழவியும் எங்கள் ஊரைத்தான் ஞாபகப்படுத்தும்.

எங்கள் படங்கள் எங்கே?

இவ்வளவும் வாசித்த பின் எவருக்கும் ஒரு கேள்வி வரும். எங்களுடைய படங்களுக்கு இப்படி யார் காத்திருக்கிறார்கள்?

தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' 1931 இல் வந்தது. இன்று அதன் பிரதி இல்லை. தமிழ்நாட்டிலேயே இந்த நிலை என்றால் இலங்கையைச் சொல்ல வேண்டியதில்லை. 1962 இல் 'சமுதாயம்' தொடங்கி இலங்கையில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ப் படங்கள் எடுக்கப்பட்டன. 1972 இல் கட்டடக் கலைஞர் வி.எஸ். துரைராஜா 'குத்துவிளக்கு' படத்தைத் தயாரித்தார். சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்துக்கு வந்து 'பொன்மணி'யை எடுத்தார், 1977 இல் வெளிவந்தது. செங்கை ஆழியானின் நாவல் 'வாடைக்காற்று' 1978 இல் படமானது.

1983 யூலையில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. அதன் உரிமையாளர் கே. குணரத்தினம் ஒரு தமிழர். அந்தத் தீயில் சிங்களப் படங்களின் நெகட்டிவ்களும் சேர்ந்தே சாம்பலாயின. லண்டனில் எரிந்தது விபத்து, ஹெந்தளையில் எரிந்தது மூட்டிய தீ. லண்டன் சாம்பலைப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்க ஒரு காப்பகம் இருந்தது. ஹெந்தளைச் சாம்பலைக் கூட்டிவைக்க ஒருவரும் இருக்கவில்லை.

ஆனாலும் நம்பிக்கையை விடத் தேவையில்லை. 1927 இல் வந்த ஜேர்மன் படம் 'மெற்றோபொலிஸ்' வெட்டிக் குறைக்கப்பட்டு, வெட்டிய பகுதிகள் எண்பது வருடம் காணாமல் இருந்தன. 2008 இல் அவை ஆர்ஜென்ரீனாவின் புவனஸ் அயர்ஸ் நகரில், ஒரு 16 மில்லிமீற்றர் பிரதியில் கிடைத்தன. பேர்லினில் தேடியது எங்கே கிடைத்தது பாருங்கள். ஆகவே எங்களுடைய ஒரு படத்தின் கடைசிக் கொப்பி ஒஸ்லோவிலோ ரொரன்ரோவிலோ ஒரு வீட்டு நிலவறையில், கலியாணக் கசெட்டுகளுக்கு நடுவில் கிடக்காது என்று யார் சொல்ல முடியும்?

நாம் செய்யக்கூடியது

வீட்டில் உள்ள பழைய கசெட்டுகளை எறியாதீர்கள். ஊரிலிருந்து வந்தவை, ஊர்க் கோயில் திருவிழா, நாடகம், கூத்து, பள்ளிக்கூட விழா எதுவானாலும் சரி. படுக்க வைக்காமல் நிமிர்த்தி, குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். சுவரில் பொருத்திய ஹீற்றருக்குப் பக்கத்தில் வேண்டாம். ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது, எந்த வருடம், எந்த ஊர் என்று எழுதி ஒட்டுங்கள். துலூஸில் நடந்தது எங்கள் வீட்டிலும் நடக்கக் கூடாது.

கசெட் காந்த நாடா காலம் செல்லச் செல்லத் தானாகவே அழியும். அதை ஓட்டும் டெக்கும் இனி வராது. கடைசியாக டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானிய நிறுவனமான பூனாய் 2016 யூலையுடன் நிறுத்திவிட்டது. ஆகவே ஓடக்கூடிய டெக் இருக்கும்போதே கணினிக்கு மாற்றிவிடுங்கள். ஐரோப்பியக் கசெட் பால் முறை, கனடாவினுடையது என்.ரி.எஸ்.சி. முறை, பிரான்சில் செக்காம் முறையும் இருந்தது. மாற்றிக் கொடுப்பவரிடம் இதை முதலிலேயே சொல்லுங்கள். மாற்றிய பின் இரண்டு கொப்பி எடுத்து, ஒன்றை வேறு ஊரில் உள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். ஒரே இடத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்பதை யாழ்ப்பாண நூலகம் 1981 இல் எமக்குக் காட்டிவிட்டது.

எமது நூல்களையும் சஞ்சிகைகளையும் 2005 முதல் 'நூலகம்' என்ற இணைய நூலகம் சேர்த்துப் பாதுகாத்து வருகிறது. படங்களுக்கும் அதே அக்கறை வேண்டும். உங்கள் ஊர்ச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் கலைவிழாக் கணக்கைப் பேசி முடித்த பின், பத்து நிமிடம் இதைப் பற்றியும் பேசுங்கள். யார் வீட்டில் என்ன கசெட் இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினாலே போதும், பாதி வேலை முடிந்த மாதிரி.