அட்டை விடல்

துண்டான விரலை இன்று மீண்டும் ஒட்டிவிட முடிகிறது. இரத்தத்தைக் கொண்டுவரும் தமனியின் சுவர் தடித்தது. ஊசிக்குப் பிடி கொடுக்கும். சிரைகளோ மிக மெல்லியவை, நசுங்கிவிட்டால் பல நேரம் தைக்கவே முடியாது. விரலுக்குள் வரும் இரத்தம் திரும்ப வழியின்றித் தேங்க, விரல் வீங்கி நீலம் பாரிக்கும். அந்த நெருக்கடியில் நவீன மருத்துவமனைகளும் நன்னீர் அட்டையைத்தான் தேடுகின்றன. 1985இல் பாஸ்டனில் ஜோசப் அப்டன் என்ற மருத்துவர், ஒரு சிறுவனின் ஒட்டவைத்த காதை அட்டைகளை விட்டே காப்பாற்றினார்.

சித்த மருத்துவத்துக்கு இது புதிதல்ல. அதன் 32 புற மருத்துவ முறைகளில் அட்டை விடலும் ஒன்று. ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதையும் அட்டைகளை 12 வகையாகப் பிரித்து, அவற்றில் 6 நஞ்சுள்ளவை என விலக்குகிறது. மஞ்சள் கலந்த நீரில் விட்டுச் சுறுசுறுப்பாக்கிய அட்டையை வீக்கத்தின் மேல் வைப்பார்கள். கடியை விடுவிக்க அதன் வாயருகே மஞ்சள்தூள் தூவினால் போதும், கழன்றுவிடும்.

அட்டைக்கு மூன்று தாடைகள்; ஒவ்வொன்றின் விளிம்பிலும் வரிசையாக நுண்பற்கள். வயிறு நிறைந்ததும் தானாகவே விழுந்துவிடும். அது குடிப்பது சில மில்லி லிட்டர்தான். உண்மையான வேலை அதற்குப் பிறகே நடக்கிறது. உமிழ்நீரில் உள்ள ஹிருடின் என்ற புரதம், இரத்தத்தை உறையவைக்கும் திராம்பினைக் கட்டிப்போடுகிறது. அதனால் கடிவாயில் பல மணி நேரம் இரத்தம் கசியும். சில நாள்களில் புதிய நுண்குழாய்கள் முளைக்கும்வரை தேங்கிய இரத்தத்துக்கு அதுவே வடிகால். இதய நாள அடைப்பை நீக்கும்போது செலுத்தப்படும் பைவாலிருடின் மருந்தும் ஹிருடினை முன்மாதிரியாகக் கொண்டு உருவானதே.

'கெட்ட இரத்தத்தை' அட்டை தேர்ந்தெடுத்துக் குடிக்கிறது என்ற பழைய விளக்கத்தை நான் ஏற்கவில்லை. அதற்கு அப்படிப் பிரித்தறியத் தெரியாது. ஆனால் இரத்தம் தேங்கிய வீக்கத்துக்கு அதை விடலாம் என்று கண்டுகொண்ட வைத்தியர்களின் கண் கூர்மையானது. எல்லா நோய்க்கும் அட்டை என்று கிளம்பிய 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிடம் அந்த நிதானம் இல்லை. 1833இல் பிரான்ஸ் மட்டும் 4 கோடிக்கும் மேல் அட்டைகளை இறக்குமதி செய்தது. பல நாடுகளின் குளங்களில் அந்த உயிரினமே அருகிப்போனது.

குளத்தில் பிடித்த அட்டையை வீட்டில் விட்டுப் பார்க்கவே கூடாது. அதன் குடலில் வாழும் ஏரோமோனாஸ் பாக்டீரியா புண்ணில் தொற்றலாம்; மருத்துவமனைகளில் அதற்கென எதிருயிரி மருந்து தருகிறார்கள். ஒருவருக்கு விட்ட அட்டையை இன்னொருவருக்கு விடுவதில்லை. இரத்தசோகை உள்ளவர்களுக்கும், இரத்தம் எளிதில் உறையாதவர்களுக்கும் இந்தச் சிகிச்சை ஆகாது.