நாய், பூனை உள்ள வீட்டுக்கு ரோபோ துடைப்பான் தேவையா?

வீடு கூட்டுவதும் துடைப்பதும் ஓர் அரங்கத்தில் பேசுகிற விஷயமா என்று சிலர் நினைக்கலாம். ஆனால், அந்த வேலையைத் தானே செய்யும் உயர்ரக ரோபோ ஒன்றின் விலை இன்று நாலாயிரம், ஐயாயிரம் வெள்ளியைத் தொடுகிறது. நம் நாட்டில் 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. ஆக, ஐயாயிரம் வெள்ளி என்பது ஒரு தொழிலாளியின் ஏறக்குறைய மூன்று மாதச் சம்பளம். அவ்வளவு பணம் போட்டு வாங்கும் பொருளைப் பற்றிக் கொஞ்சம் பேசினால் தவறில்லை அல்லவா?

அதிலும் வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் கேள்வியே மாறிவிடுகிறது. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்கள் வெறும் தூசு படியும் வீட்டுக்கானவை. பிராணி வளர்ப்பவர் வீட்டுத் தரையில் கிடப்பதோ முடி, பூனை மணல், சிந்திய தண்ணீர், சில நாள்களில் அதைவிட மோசமானதும்! அவற்றைச் சந்திக்கும்போது இந்த இயந்திரம் என்ன செய்கிறது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் கொஞ்சம் வரலாறு. சுவீடன் நாட்டு எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 2001இல் 'டிரைலோபைட்' என்ற ரோபோ வேக்கும் கிளீனரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2002 செப்டம்பரில் அமெரிக்காவின் ஐரோபாட் நிறுவனம் 'ரூம்பா'வை வெளியிட்டது. உலகம் முழுவதும் இந்தப் பொருளைப் பிரபலமாக்கியது ரூம்பாதான். அந்தக் காலத்து ரூம்பாவுக்குக் கண் கிடையாது. சுவரில் முட்டும், திரும்பும், மறுபடி முட்டும். இன்றைய உயர்ரக இயந்திரங்கள் லேசர் கதிரைச் சுழற்றி வீட்டின் வரைபடத்தையே வரைகின்றன. கூட்டுகின்றன, துடைக்கின்றன, தம் நிலையத்துக்குத் திரும்பிக் குப்பையைக் கொட்டி, மோப் துணியையும் கழுவிக்கொள்கின்றன.

பாஸ்கல் கணக்கில் மயங்காதீர்கள்

விற்பனையாளர் முதலில் சொல்வது உறிஞ்சும் சக்தி. பத்தாயிரம் பாஸ்கல், இருபதாயிரம் பாஸ்கல் என்று எண்கள் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகின்றன. பாஸ்கல் என்பது காற்றழுத்தத்தின் அளவு. தரையிலிருந்து எவ்வளவு குப்பை உள்ளே போகிறது என்பதை அது சொல்லாது. அதற்குக் காற்றோட்டம், தூரிகையின் அமைப்பு, வாய்ப்பகுதி தரையோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதெல்லாம் சேர வேண்டும். மேலும், கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள பெரும்பாலான தொடர் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் தரை என்பது ஓடு, மார்பிள், இல்லையென்றால் பலகை. இவற்றின் மேல் கிடக்கும் முடியை எடுக்க நடுத்தர சக்தியே போதும். தடித்த கம்பளம் நிறைய விரித்திருப்பவர்தாம் இந்த எண்ணைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டும்.

முடி விஷயத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது, இயந்திரத்தைக் கவிழ்த்தால் தெரியும் உருளையை. நார் நாராக இருக்கும் தூரிகையில் பாரசீகப் பூனையின் முடியும் சிட்சூ நாயின் முடியும் கயிறுபோலச் சுற்றிக்கொள்ளும். ரப்பர் உருளையிலும், முடி சிக்காதபடி வடிவமைத்த உருளையிலும் அந்தத் தொல்லை குறைவு. குறைவு என்றேனே தவிர, இல்லை என்று சொல்லவில்லை. ஓரத்தில் சுழலும் சிறு தூரிகையிலும் முன் சக்கரத்திலும் முடி சேரத்தான் செய்யும். உருளையும் முன் சக்கரமும் கருவி எதுவுமின்றிக் கையாலேயே கழன்று வருகின்றனவா என்று கடையிலேயே கேட்டுப் பாருங்கள்.

ரோபோவின் உண்மையான பலம் சக்தியில் இல்லை, அன்றாடம் ஓடுவதில் இருக்கிறது. நாம் வாரத்தில் இரண்டு நாள் கூட்டினால் அது ஏழு நாளும் கூட்டும். தெள்ளுப்பூச்சித் தொல்லை உள்ள வீட்டுக்கு இது பெரிய உதவி. தெள்ளுப்பூச்சியின் முட்டைகள் பிராணியின் உடம்பிலிருந்து உதிர்ந்து தரையில்தான் கிடக்கும். சாதாரண வேக்கும் கிளீனரை வைத்து அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் செய்த ஆய்வு ஒன்று 2007இல் வெளிவந்தது. உறிஞ்சப்பட்ட தெள்ளுப்பூச்சிகளில் வளர்ந்தவை 96 விழுக்காடும் இளம் பருவத்தில் இருந்தவை அனைத்தும் இறந்துபோனதாக அது கூறியது. தினமும் கூட்டுவதன் பயன் இப்போது புரிகிறதா?

கண் இருக்கிறதா?

இனி, சொல்லக் கூச்சமான விஷயத்துக்கு வருவோம். 2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு வீட்டில் நாய்க்குட்டி இரவில் கூடத்தில் மலம் கழித்துவிட்டது. நள்ளிரவில் தானாக ஓடும்படி நேரம் குறித்துவைத்திருந்த ரோபோ அதன்மேல் ஏறி, வீடு முழுவதும் இழுத்துப் பூசிவிட்டது. வீட்டுக்காரர் எழுதிய அந்த அனுபவம் உலகம் முழுவதும் பரவியது. 2021இல் ஐரோபாட் நிறுவனம் கேமராவுடன் கூடிய 'ஜே7 பிளஸ்' ரகத்தை வெளியிட்டபோது, பிராணியின் கெட்டியான கழிவை அது தவிர்க்கத் தவறினால் வேறு இயந்திரம் தருவதாகவே நிபந்தனைகளோடு வாக்குறுதி கொடுத்தது. பிராணி வளர்ப்பவர்கள் எதை நினைத்துப் பயந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மேல்பகுதியில் சுழலும் லேசர் சுவரையும் நாற்காலியையும் பார்க்கும். அதன் உயரத்துக்குக் கீழே தரையில் கிடப்பது அதற்குத் தெரியாது. அதற்கு முன்பக்கத்தில் தனியாக ஒரு கேமராவோ ஒளி உணர்கருவியோ வேண்டும். 'லைடார் இருக்கிறது' என்று விற்பனையாளர் சொன்னால், 'முன்னால் என்ன இருக்கிறது?' என்று கேளுங்கள்.

கடையில் செய்து பார்க்க ஒரு சுலபமான சோதனை உண்டு. கேழ்வரகு மாவைக் கெட்டியாகப் பிசைந்து இரண்டு மூன்று துண்டுகளாக உருட்டி எடுத்துச் செல்லுங்கள். கூடவே ஒரு காலுறை, ஒரு கைப்பேசி மின்கம்பி, உங்கள் பிராணியைச் சீவியபோது வந்த ஒரு பிடி முடி. இவற்றைத் தரையில் போட்டு இயந்திரத்தை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விளக்கைக் குறைத்து இன்னொரு முறை ஓட்டச் சொல்லுங்கள். தயங்கும் கடையில் அவசரப்பட்டுப் பணத்தைக் கட்ட வேண்டாம்.

கெட்டியானதைத் தவிர்க்கும் இயந்திரம்கூட, தரையில் பரவிக் கிடக்கும் சிறுநீரைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அதை உறிஞ்சினால் உள்ளே துர்நாற்றம் மட்டுமல்ல, மோட்டாரும் பழுதாகலாம். ஆகவே பழக்கப்படாத குட்டியோ, அடக்க முடியாத வயதான நாயோ இருக்கும் வீட்டில், ஆள் இல்லாத நேரத்தில் இதை ஓட்டக் கூடாது. இரவு நேரக் கட்டளையை நிறுத்திவிட்டு, காலையில் நீங்கள் ஒரு சுற்றுப் பார்த்த பிறகு ஓட்டுங்கள். பூனையின் மணல்தட்டு, தண்ணீர்க் கிண்ணம், சாமி அறைக் குத்துவிளக்கு, கோலம் ஆகியவற்றைச் சுற்றி 'நுழையாதே' என்று வரைபடத்தில் கோடு போட்டுவிடலாம். கட்டியாகும் ரகப் பூனை மணல் ஈரம் பட்டால் களிமண்போல் குழையும். அது ஈர மோப்பில் ஒட்டினால் இயந்திரத்தைக் கழற்றித்தான் கழுவ வேண்டும்.

ஈரமும் பூனையின் நாக்கும்

நம் ஊர் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரம். நனைந்த மோப் துணியை மூலையில் போட்டால் மறுநாளே நாறும். ஆகவே மோப் வசதி வேண்டுமென்றால், துணியைக் கழுவிய பின் சூடான காற்றால் உலர்த்தும் நிலையம் உள்ளதையே தேர்ந்தெடுங்கள். மற்ற வசதிகளுக்குக் கூடுதல் பணம் கொடுக்க யோசிக்கலாம், இதற்கு யோசிக்க வேண்டாம். அழுக்குத் தண்ணீர்த் தொட்டியைத் தினமும் கொட்டுவதும், நிலையத்தின் அடித்தட்டில் சேறுபோல் படியும் முடியை வாரம் ஒருமுறை வழிப்பதும் நம் கை வேலைதான். முடி கொட்டும் வீட்டில் முதலில் கூட்டிவிட்டு, பிறகு துடைக்கும்படி கட்டளையிடுங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் ஈர முடி தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

இதைவிட முக்கியமானது, தொட்டியில் நாம் ஊற்றும் திரவம். பூனை தன் பாதத்தை நக்கியே சுத்தம் செய்யும் பிராணி. தரையில் என்ன பூசுகிறோமோ அது அதன் வயிற்றுக்குள் போகிறது. பீனால் வகை இரசாயனங்களைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. பீனால் கலந்த கிருமிநாசினி, பைன் எண்ணெய், டீ ட்ரீ எண்ணெய் ஆகியவை அதற்கு நஞ்சாகலாம். பல தரைக் கிருமிநாசினிகளில் உள்ள பென்சல்கோனியம் குளோரைடு, நக்கினால் நாக்கையும் வாயையும் புண்ணாக்கும். நாம் வாரம் ஒருமுறை துடைத்தபோது தெரியாத கெடுதி, ரோபோ தினமும் துடைக்கும்போது தெரியவரும். வெறும் தண்ணீர் பல நாள்களுக்குப் போதும். திரவம் வேண்டுமென்றால் உங்கள் கால்நடை மருத்துவரிடம் அதன் பெயரைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்குள் ஒரு கேமரா

தரையில் கிடப்பதைப் பார்க்கும் கேமரா, வீட்டில் இருப்பவர்களையும் பார்க்கும். சோதனைக்காகச் சிலர் வீட்டில் ஓடிய ரூம்பா இயந்திரங்கள் 2020இல் எடுத்த படங்கள் இணையத்தில் கசிந்ததை 2022 டிசம்பரில் 'எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவியூ' இதழ் வெளிப்படுத்தியது. அவற்றில் கழிவறையில் இருந்த ஒரு பெண்ணின் படமும் இருந்தது. 2024 மே மாதம் அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் இகோவாக்ஸ் நிறுவனத்தின் 'டீபோட் எக்ஸ்2' இயந்திரங்களை விஷமிகள் தூரத்திலிருந்து கைப்பற்றினார்கள். ஒலிபெருக்கி வழியே இனவெறி வசைகளைக் கத்தினார்கள். லாஸ் ஏஞ்சலஸில் ஓர் இயந்திரம் வீட்டு நாயைத் துரத்தியது. ஆகவே, வேறெங்கும் பயன்படுத்தாத புதிய கடவுச்சொல்லைப் போடுங்கள். மென்பொருள் புதுப்பிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். படுக்கையறைக்குள் அதை விடாதீர்கள்.

நிறுவனம் நிலைக்குமா என்பதும் முக்கியம். அமெரிக்காவின் நீட்டோ நிறுவனம் 2023இல் மூடப்பட்டது. அதன் இயந்திரங்களுக்கான இணையச் சேவையும் 2025இல் முடிவுக்கு வர, நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களைச் செயலி வழியே இயக்க முடியாமல் போனது. முன்னோடியான ஐரோபாட்டே 2025 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கோரியது. ஆகவே செயலி இல்லாமலும் பொத்தானை அழுத்தினால் ஓடுமா என்று பாருங்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அமைந்திருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் வாழும் நம் அன்பர்களுக்குக் கையால் தடவி உணரக்கூடிய பொத்தானும் குரல் அறிவிப்பும் இன்னும் அவசியம். தொடுதிரையில் மட்டும் இயங்கும் பொருளால் அவர்களுக்குப் பயனில்லை.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக இறக்கிய மலிவு ரகத்தை வாங்கினால் உத்தரவாதமும் உதிரிப் பாகமும் உள்ளூரில் கிடைக்குமா என்று யோசியுங்கள். நிலையம் எந்நேரமும் மின்சாரத்தில் இருப்பதால் சிரிம் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். மாலை வேளை இடி மின்னல் நமக்குப் புதிதல்ல. மின்னழுத்தத் தடுப்புள்ள இணைப்பில் செருகுங்கள். கடைக்காரர் சொன்னதற்கு மாறாகப் பொருள் இருந்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே முறையிடலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். ஆகவே ரசீதையும் விளம்பரத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

யாருக்கு ஏற்றது?

ஒரு கணக்குப் போடுவோம். 4,500 வெள்ளி இயந்திரம் ஐந்தாண்டு உழைக்கிறது என்று வையுங்கள். ஆண்டுக்கு 900 வெள்ளி. குப்பைப் பை, துணி, உருளை, வடிகட்டி என்று ஆண்டுக்கு 300 வெள்ளி சேர்த்தால் மாதம் 100 வெள்ளி ஆகிறது. முழங்கால் வலியோடு குனிந்து கூட்டும் அம்மாவுக்கும், காலையில் போய் இரவில் திரும்பும் கணவன் மனைவிக்கும், பூனை முடியால் தும்மும் பிள்ளை உள்ள வீட்டுக்கும் அந்த நூறு வெள்ளி வீண் செலவு அல்ல.

ஆனால், கிள்ளானில் பல வீடுகளில் இருப்பதுபோல நாய் வாசலிலேயே வளர்கிறது, வீட்டுக்குள் வருவதில்லை என்றால், இந்த உயர்ரகம் உங்களுக்குத் தேவையில்லை. இரண்டு மாடித் தொடர் வீடு என்றால், சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் ரோபோ படியேறாது என்பதையும் நினைவில் வையுங்கள். இன்னும் பழகாத குட்டி இருந்தால், அது வளரும்வரை ஆறு மாதம் பொறுங்கள். அதற்குள் விலையும் இறங்கலாம்!

எவ்வளவு உயர்ந்த ரகமானாலும் இது துடைப்பத்துக்கு உதவியாள்தான். சோபா மேல் ஒட்டிய முடியை நாம்தான் எடுக்க வேண்டும். பூனையைச் சீவிவிடுவதும் நாயைக் குளிப்பாட்டுவதும் நம் வேலையே. வாரம் இருமுறை சீவினால் தரையில் விழும் முடியே குறையும். அதற்கான சீப்பின் விலை இருபது, முப்பது வெள்ளி. முதலில் சீப்பை வாங்குங்கள். அதன் பிறகும் வேலை மிச்சமிருந்தால், மாவு உருண்டையோடு கடைக்குப் போங்கள்.